மணிக்கட்டுக்கு வயது ஐந்து

ஸ்டூடியோக்காரரின் மூத்த மகள் ஐந்தாம் வகுப்பை முடித்த வருஷம், அவளுக்கு வயது பதினொன்று என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பெற்ற தாய் நம்பினாள். பிரசவ அறை வாசலில் துணியில் சுற்றிக் கையில் வாங்கிய தகப்பன் நம்பினார். நாலு வருஷம் கழித்துப் பிறந்த தங்கை, தான் வந்தபோதே அக்கா அங்கே இருந்தாள் என்பதால் நம்பினாள். வயது என்பது வீட்டுக்குள் வைத்து நம்பிக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை, அதற்கென்று தனியாக ஓர் அலுவலகம் நடக்கிறது என்பது அவர்களுக்கு உறைக்கவே இல்லை.

மூத்தவளை வீட்டில் பெரியவள் என்பார்கள், தங்கை சின்னவள். தெரு ஜனங்களுக்கு இது தீராத வேடிக்கை. பெரியவள் நிமிர்ந்து நின்றால் அப்பாவின் பெல்ட்டுக்கு வருவாள். சின்னவள் அவளைவிட ஒரு சாண் உயரம். அக்காவின் பழைய சட்டை தனக்குப் பற்றாது என்பதால் புதுச் சட்டையாகவே வாங்கிப் போட்டு, பழசானதும் அதை அக்காவுக்குத் தள்ளிவிடுவாள். பெரியவளின் காது இரண்டும் பொம்மைக்கு ஒட்டியதுபோல் இத்துனூண்டு. முழங்காலில் சில்லே கிடையாது. படி ஏறும்போது கால் பின்பக்கம் மடங்கப் பார்க்கும். வாய் மட்டும் ஒரு வீட்டுக்குப் போதும்.

ஏன் இப்படி என்று பல வருஷம் யாருக்கும் தெரியவில்லை. "மாசமா இருக்கறப்ப என்னத்தைத் தின்னாளோ" என்று அப்பா வழிச் சொந்தங்கள் அம்மாவைச் சாடை பேசினார்கள். "அந்த வம்சமே கட்டைதானே" என்று அம்மா வழிச் சொந்தங்கள் அப்பாவைக் கை காட்டினார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் மரபணு பார்க்கும் டாக்டரம்மா ஒருத்தர் ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, பெரியவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு விளக்கினார்.

"ஒடம்பு வளரணும்னா ஒரு செல் ரெண்டாகணும். அதுக்கு முன்னாடி, உள்ள இருக்கற டி.என்.ஏ. மொத்தத்தையும் நகல் எடுக்கணும். அது ரொம்ப நீளமான நூல். ஒரு முனையில ஆரம்பிச்சா மறுமுனை போய்ச் சேர ஒரு மாசம் தாண்டிடும். அதனால ஆயிரக்கணக்கான எடத்துலேருந்து ஆரம்பிக்கும். இங்க ஆரம்பிக்கணும்னு அடையாளம் காட்ட, ஒவ்வொரு எடத்துலயும் ஆறு புரதம் ஒண்ணா வந்து உக்காரும். அந்த ஆறும் உக்காந்தாத்தான் மத்ததுங்க வந்து நூலுல வளையத்தை மாட்டும். வளையம் மாட்டியாச்சுன்னா லைசென்ஸ் குடுத்தாச்சு. நகல் எடுக்க ஆரம்பிச்சதும் அந்த லைசென்ஸ் ரத்து. இல்லாட்டி எடுத்த எடத்தையே மறுபடி மறுபடி எடுத்துட்டிருக்கும்."

"இவளுக்கு என்ன டாக்டர்?" என்றாள் அம்மா.

"இவளுக்கு அந்த ஆறுல ஒண்ணு சரியா உக்கார மாட்டேங்குது. ஆரம்பிக்கற எடம் கொறைச்சல், ஆரம்பிக்க நேரமும் ஆகுது. அதனால வளர்ற வயசுல செல்லுங்க எண்ணிக்கை கம்மியாயிடுச்சு. புத்திக்கு ஒரு கொறையும் இல்ல. இந்தக் கோளாறு உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஆளுக்குப் பாதி இருந்திருக்கு. யார் மேலயும் குத்தம் இல்லம்மா."

அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். பெரியவள் அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, "அழாதம்மா. எனக்கு ஆரம்பம்தான் லேட்டு. மத்தபடி ஒண்ணுமில்ல" என்றாள். அன்றிலிருந்து, ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்ட அத்தனை பேருக்கும் அவள் சொன்ன பதில் இதுதான்.

ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம். அங்கே தலைமையாசிரியை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, "பொண்ணைக் கூட்டிட்டு வரலையா?" என்று கேட்டார்.

"இங்கதான் மேடம் நிக்கிறேன்" என்று மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

தலைமையாசிரியை எழுந்து, எட்டிப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார். நல்ல மனுஷிதான். "இவளுக்குப் பதினொண்ணுன்னு நீங்க சொல்றீங்க. நான் நம்பறேன். ஆனா நம்பறதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது. வயது நிர்ணய வாரியத்துல ஒரு வார்த்தை வாங்கிட்டு வந்துடுங்க. சின்ன வேலைதான்" என்றார்.

வாரியம் ஸ்டூடியோவுக்கு எதிர்வாடையில்தான் இருந்தது. சொல்லப்போனால் ஸ்டூடியோக்காரர் குடும்பத்துக்குப் படியளந்ததே அந்தக் கட்டடம்தான். வயது கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் படம் எடுக்க அவரிடம்தான் வருவார்கள். "நிமிருங்க. சிரிக்காதீங்க. காது ரெண்டும் தெரியணும்" என்று இருபது வருஷமாக ஊரையே நிமிர்த்திக்கொண்டிருந்தவர் அவர். உள்ளே போனவர்கள் ஏன் வருஷா வருஷம் புதுப் படம் எடுக்க வருகிறார்கள் என்று அவர் யோசித்ததில்லை. மனுஷனுக்கு முகம் மாறும்தானே என்று விட்டுவிட்டார்.

கவுண்டரில் இருந்தவர் பெரியவளின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"காது தெரியலையே?"

"தெரியுது சார். இதோ."

"இதுவா காது?"

"அவ காது அவ்வளவுதான் சார்."

"காது ரெண்டும் தெளிவா தெரியணும்னு விதியில இருக்கு. காது அவ்வளவுதான்னு எங்கயும் இல்ல. பெருசு பண்ணி எடுத்துட்டு வாங்க."

ஸ்டூடியோக்காரர் பெரிது பண்ணினார். காது தெரிந்தது, முகம் படத்தை விட்டு வெளியே போய்விட்டது. "யாரோட காது இது?" என்று கேட்டார் கவுண்டர்க்காரர். மூன்றாவது தடவை, கடவுளே மன்னிச்சுக்கோ என்று முணுமுணுத்துக்கொண்டே, கம்ப்யூட்டரில் சின்னவளின் காதுகளை எடுத்துப் பெரியவளின் முகத்தில் பொருத்திக் கொண்டுபோனார். உடனே முத்திரை விழுந்தது.

"பாத்தீங்களா, முயற்சி பண்ணினா காது வருது" என்றார் கவுண்டர்க்காரர்.

பிறப்புச் சான்றிதழை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அன்னைக்கு ஒரு பொண்ணு பொறந்திருக்கு. யாரும் இல்லேங்கல. பொறந்த பொண்ணு இவதான்னு என்ன நிச்சயம்? பொறக்கறப்ப இவ இப்படியா இருந்தா?"

"இல்ல சார், இன்னும் சின்னதா இருந்தா."

"அதான் சொல்றேன். ஆளே மாறியிருக்கா."

வாரியத்தில் தலைவரோடு சேர்த்து ஆறு உறுப்பினர்கள். ஆறு பேரும் ஒரே சமயத்தில் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் விசாரணை தொடங்கும். ஒருத்தர் குறைந்தாலும் தொடங்காது. ஸ்டூடியோக்காரர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நித்தமும் போய் வராந்தாவில் காத்திருந்தார். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே எல்லாம் தெரியும். ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆறாமவர் டீ குடிக்கப் போயிருப்பார். அவரைக் கூப்பிட இன்னொருத்தர் எழுந்து போவார். ஆறாமவர் திரும்பி வந்து, கூப்பிடப் போனவரைக் காணோமே என்று தேடப் போவார். இப்படியே பொழுது சாய்ந்து, தலைவர் மணியடித்து, இன்றைக்கு விசாரணை தொடங்கவில்லை என்று முறைப்படி அறிவித்துவிட்டுக் காருக்குப் போவார்.

பெரியவள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு இதையெல்லாம் பார்த்தாள். "அப்பா, இந்த ஆபீசுக்கும் என் வியாதிதான்பா" என்றாள். "ஆறு பேரும் ஒழுங்கா உக்கார மாட்டேங்கறாங்க."

அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. விசாரணை தொடங்கும்வரை கைச்செலவுக்கு இருக்கட்டும் என்று ஓர் இடைக்கால வயது கொடுக்கலாம் என்றார்கள். எலும்பு உறுப்பினர் பெரியவளின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, சுவரில் மாட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அஞ்சு வயசு."

"சார், பதினொண்ணு சார். அஞ்சாங் கிளாஸ் பாஸ் பண்ணியிருக்கா சார்."

"பாஸ் பண்ணினது மூளை. நான் மூளை பாக்கற ஆள் இல்ல. மணிக்கட்டு பொய் சொல்லாது."

"டாக்டரம்மா சொன்னாங்க சார், இவளுக்கு எலும்பு மெதுவாத்தான்..."

"மெதுவா வளர்ந்தா மெதுவாத்தான் வயசாகும். இதுல என்ன சந்தேகம்?"

அப்போது முட்டி உறுப்பினர் உள்ளே வந்தார். முழங்கால் எக்ஸ்ரேயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சில்லு இன்னும் எலும்பாகவே இல்லையே! மூணு வயசுகூட ஆகல" என்றார். இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. மூன்று ஆகாத பிள்ளை இப்படிப் பேசுமா என்று எலும்பு உறுப்பினர் கேட்க, "பேசறதா நமக்குத் தோணலாம்" என்றார் முட்டி உறுப்பினர்.

பெரியவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சார், நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?"

முட்டி உறுப்பினர் பதில் சொல்லவில்லை. கேட்டதாக ஒப்புக்கொண்டால் தன் தீர்ப்பு கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டார். பெரிய மனது பண்ணி ஐந்து என்றே எழுதினார்கள். எழுதி முடித்ததும் குமாஸ்தா, "வீட்டுல ஏழு வயசுல ஒரு பொண்ணு இருக்குதுல்ல? இனிமே அவங்கதான் அக்கா. கூப்பிடற முறையை மாத்திக்குங்க. வாரியத்துலேருந்து வந்து பாப்பாங்க" என்றார்.

வீட்டில் சின்னவளுக்கு முதல் நாள் ஒரே குஷி. "அக்கான்னு கூப்பிடுடி" என்று மிரட்டினாள். பெரியவளும் சிரித்துக்கொண்டே, "சரிங்கக்கா, சொல்லுங்கக்கா" என்று பணிந்து காட்டினாள். இரண்டாம் நாளே சின்னவளுக்குச் சலித்துவிட்டது. கணக்கு வரவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? அக்காவுக்குத் தங்கை சொல்லிக்கொடுக்கக் கூடாதாமே. அம்மா மருந்துக்கடையில் வேலையை முடித்துவிட்டு வந்தபோது இருவரும் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பெரியவள் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தாள். கரும்பலகையில் 'அ' எழுதி, வாயைத் திறந்து சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். அடுத்த நாளும் சொன்னாள். பக்கத்திலிருந்த பிள்ளைகள் அவளைத் தங்கள் வயது என்று நினைத்து, மூக்கைச் சிந்தி அவள் பாவாடையில் துடைத்தார்கள். பழைய வகுப்புத் தோழிகள் பெரிய பள்ளிக்கூடத்துச் சீருடையில் தெருவில் கூட்டமாகப் போகும்போது, அவள் ஜன்னலிலிருந்து இறங்கி உள்ளே போய்விடுவாள். கொஞ்சம் கொஞ்சமாக வாய் ஓய்ந்துபோயிற்று. ஒரு வீட்டுக்குப் போதுமாக இருந்த பேச்சு, தட்டில் சோறு வைத்தால் "போதும்" என்பதோடு நின்றது.

"புள்ள செத்துக்கிட்டிருக்குங்க" என்றாள் அம்மா. "காலைப் பிடிப்பீங்களோ கையைப் பிடிப்பீங்களோ, எனக்குத் தெரியாது. என் புள்ள வயசை வாங்கிட்டு வாங்க."

ஸ்டூடியோக்காரர் மரபணு டாக்டரம்மாவிடம் ஓடினார். அவர் வரிக்கு வரி விளக்கி ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். வாரியத்தில் அறிக்கையை அலுவல் மொழியில் பெயர்த்துத்தான் வாங்குவார்கள். பெயர்ப்புப் பிரிவில் இருந்தவர், நகல் தொடங்குகிற இடத்துக்கு மூலம் என்ற சொல்லைப் போட்டார். தூய சொல்தான், தப்புச் சொல்ல முடியாது. 'இப்பெண்ணுக்கு மூலத்தில் கோளாறு. ஆறில் ஒன்று சரியாக உட்காரவில்லை' என்று சுருக்கமாக முடித்துவிட்டார்.

மறுநாள் பெரியவளை மூல நோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே வயதான டாக்டர் ஒருத்தர், "உக்கார முடியுதாம்மா?" என்று கனிவாகக் கேட்டார்.

"இப்ப உக்காந்துதானே இருக்கேன் டாக்டர்" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் பேசிய முழு வாக்கியம் அது.

டாக்டருக்குச் சந்தோஷம். 'மூலம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்தத் தாள் வாரியத்துக்குத் திரும்பிப் போனபோது, அதைப் பிரித்தவருக்கு ஆஸ்பத்திரி விவரம் தெரியாது. மூலம் இல்லை என்றால் அடிவேர் இல்லை, எங்கிருந்து வந்தவர் என்று தெரியவில்லை என்று அர்த்தம் செய்துகொண்டு பூர்வீகப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார். பூர்வீக அதிகாரி ஸ்டூடியோக்காரரை வரவழைத்து, கதவைச் சாத்தினார்.

"உங்க பொண்ணுக்கு மூலம் இல்லன்னு அரசாங்க டாக்டரே எழுதிக் குடுத்திருக்கார். அப்ப இவ எங்கேருந்து வந்தா?"

"எங்க வீட்டுலேருந்து சார்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி... அவங்கம்மா வயித்துல."

"அதுக்கும் முன்னாடி?"

அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டார். "இதைத்தான் எல்லாரும் சொல்றீங்க. நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்ல. எனக்கும் கொழந்தைங்க இருக்கு, மூலத்தோட இருக்கு. விசாரணை முடியறவரைக்கும் உங்க பொண்ணு மூலம் அறியப்படாதோர் இல்லத்துல இருக்கட்டும். நல்ல எடம். தோட்டம் இருக்கு. வர்ற வாரம் வண்டி அனுப்பறோம்."

"எந்த விசாரணை சார்?"

"வாரியத்து விசாரணைதான்."

"அது தொடங்கவே மாட்டேங்குதே சார்!"

"தொடங்கினாத்தானே முடியும்" என்றார் அதிகாரி, ஆறுதலாக.

ஸ்டூடியோக்காரர் கால் போன போக்கில் வெளியே வந்து படிக்கட்டில் சரிந்தார். அங்கே எப்போதும் நிற்கிற தரகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன வயசு வேணும்? முப்பது? அறுபது? நாளைக்கே வாங்கித் தர்றேன்."

"பதினொண்ணு."

"அவ்வளவுதானா? நெஜ வயசு என்ன?"

"பதினொண்ணுதான்."

தரகரின் முகம் விழுந்துவிட்டது. "அண்ணே, பொய் வயசுன்னா நான் பாத்துக்குவேன். நெஜ வயசுக்கு வழியே கிடையாதுண்ணே. யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல" என்று சொல்லி, இரக்கத்தோடு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அம்மா பெரியவளின் துணிகளை எடுத்து மடித்தாள், மடித்ததை உதறிப்போட்டாள், மறுபடி மடித்தாள். வண்டி வந்தால் கதவைத் திறப்பதில்லை என்று சின்னவள் நாற்காலியைத் தூக்கிக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள்.

வண்டிக்கு முன்னால் வாரியத்தின் பியூன் வந்தார். அதுவும் வீட்டுக்கு இல்லை, ஸ்டூடியோவுக்கு. வாரியத்துக்கு ஆண்டு விழாவாம், உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டுமாம், கேமராவை எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னார்களாம். ஸ்டூடியோக்காரர் ஸ்டாண்டை ஒரு தோளில் போட்டார். வீட்டுக்குள் போய்ப் பெரியவளை இன்னொரு தோளில் தூக்கினார். ஏன் தூக்கினார் என்று அவருக்கே தெரியாது. விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்கமாட்டாள் என்ற பயம்தான்.

பெரியவளை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்க் கேமராவை நிறுத்தினார். தலைவர் நடுவில். எலும்பு உறுப்பினர் வலப்பக்கம், முட்டி உறுப்பினர் இடப்பக்கம். மற்ற மூவரும் முகத்துக்கு மாவு பூசி, தலை வாரி, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்து அமர்ந்தார்கள்.

ஸ்டூடியோக்காரர் குனிந்து கேமராவுக்குள் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு. மறுபடி எண்ணினார். ஆறேதான்.

"அசையாதீங்க" என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "யாரும் அசையாதீங்க. ஐயா, ஆறு பேரும் உக்காந்துட்டீங்க. விசாரணை தொடங்கியாச்சு. என் பொண்ணு வெளியில இருக்கா."

அறையே திகைத்தது. முட்டி உறுப்பினர் எழப் பார்த்தார். "எழுந்தா படம் கெட்டுடும் சார்! ஆண்டு விழாவுல உங்க எடத்துல வெறும் நாற்காலிதான் தெரியும்!" என்று கத்தினார் ஸ்டூடியோக்காரர். முட்டி உறுப்பினர் உட்கார்ந்துவிட்டார். ஸ்டூடியோக்காரர் ஓடிப்போய் மகளைத் தூக்கிவந்து அவர்கள் முன்னால் நிறுத்தினார். அப்புறம் அவருக்கு என்ன ஆயிற்றோ, கேமராவுக்கும் நாற்காலிகளுக்கும் நடுவே நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். "என் புள்ளையைக் கொண்டுபோயிடாதீங்க ஐயா. அவளுக்கு வயசைக் குடுங்க. அவளோடதுதான் ஐயா, வேற யாரோடதும் இல்ல" என்று தரையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். விசாரணை தொடங்கிவிட்டது என்றால் பேசியாக வேண்டும்.

"வயசுங்கறது பெரிய பொறுப்பு" என்று ஆரம்பித்தார். "இந்த வாரியம் வர்றதுக்கு முன்னாடி ஜனங்க தன்னிச்சையா வயசாகிட்டிருந்தாங்க. யாரையும் கேக்கறதில்ல. பொறந்தநாள் வந்தா ஒண்ணைக் கூட்டிக்குவாங்க. அந்த அராஜகத்தை ஒழிச்சது நாங்க. பெத்தவங்க சொல்றாங்களேன்னு வயசு குடுக்க ஆரம்பிச்சா நாளைக்கு எல்லாரும் வயசு வேணும்னு வந்து நிப்பாங்க. நான் பதவிக்கு வந்ததுலேருந்து ஒரே ஒரு தப்பான வயசுகூட இந்த வாரியம் குடுத்ததில்ல."

"சரியான வயசு?" என்று கேட்டாள் பெரியவள்.

"அதுவும் குடுத்ததில்லம்மா" என்றார் தலைவர் பெருமையாக. "தொடங்கினதே இல்லையே, எப்படிக் குடுக்கறது?"

எலும்பு உறுப்பினர், மணிக்கட்டுக்கு ஐந்து என்று தான் எழுதிவிட்டதாகவும், மாற்றினால் மணிக்கட்டுக்கு மரியாதை இருக்காது என்றும் சொன்னார். பெரியவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"சார், என் ஒடம்புல எல்லா எடத்துலயும் ஆரம்பம்தான் தாமதம். ஆனா ஆரம்பிக்குது சார். நான் நிக்கறேன் பாருங்க. அஞ்சு வயசுல நான் எப்படி இருந்தேன்னு எனக்குத் தெரியும், ஏன்னா நான் அப்பவும் இருந்தேன்."

தலைவரின் பேச்சில் தூங்கிப்போயிருந்த ஓர் உறுப்பினர்கூடக் கண்ணைத் திறந்தார். தலைவர் இருபக்கமும் சாய்ந்து குசுகுசுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தகப்பனார் பதினொண்ணுங்கறார். மணிக்கட்டு அஞ்சுங்குது. யார் மனசும் நோகக் கூடாது. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா எட்டு. பொண்ணுக்கு எட்டு வயசு. மூணாங் கிளாஸ்ல சேத்துக்கலாம். மிச்ச மூணு வருஷம் வாரியத்துக்கிட்ட பத்திரமா இருக்கும்."

"பூர்வீகம், ஐயா?" என்று கேட்டார் ஸ்டூடியோக்காரர், தரையிலிருந்தபடியே. "வண்டி அனுப்பறேன்னாங்களே."

"வயசை நாமதானே குடுத்திருக்கோம்? அப்ப அவளுக்கு மூலம் இந்த வாரியம்தான். வண்டி வராது."

"முட்டிக்கு?" என்றார் முட்டி உறுப்பினர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"முட்டியை அடுத்த கூட்டத்துல பாப்போம். சீக்கிரம் படத்தை எடுங்கப்பா, மாவு உதிருது."

ஸ்டூடியோக்காரர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவைப் பிடித்தார். எடுத்து முடித்ததும் ஆறு பேரையும் பார்த்துக் கைகூப்பி, "ரொம்ப நன்றிங்க, பெரிய உபகாரம் பண்ணினீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்குத் தன் வாயின்மேலேயே அருவருப்பாக வந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

வீட்டில் அம்மா கதவோரமே நின்றிருந்தாள். வண்டி வராது என்றதும் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து பெரியவளை இறுக்கிக்கொண்டாள். எட்டு என்றதும் பிடியை இன்னும் இறுக்கினாள். சின்னவள்தான், "எட்டுன்னா யாரு அக்கா?" என்று கேட்டாள்.

"அவதான்" என்றார் அப்பா.

"அப்பாடா" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் கணக்கு நோட்டை எடுக்க ஓடினாள்.

பெரியவள் அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு விரலை மடக்கி மடக்கி எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எடுத்துக்கிட்டாங்களே மூணு வருஷம், அது எந்த மூணு?"

"தெரியலையேம்மா. சொல்லலையே."

"சொல்லலன்னா நாமளே குடுத்துடலாம்பா. மொத மூணு வருஷத்தை வச்சுக்கட்டும். எனக்கு அது சுத்தமா ஞாபகம் இல்ல. அதுக்கப்புறம் எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு, அதெல்லாம் எனக்கு வேணும்."

நியாயமான யோசனையாகத்தான் இருந்தது. அப்பா தலையை ஆட்டப் போனார்.

"அதைக் குடுக்க முடியாது" என்றாள் அம்மா.

அவள் குரலைக் கேட்டு இருவரும் திரும்பினார்கள். "மூக்குல குழாய். சொட்டுச் சொட்டா பால். உள்ள போனதைவிட வெளிய வந்தது அதிகம். சளி கட்டினா மூச்சு நின்னு நின்னு வரும். இந்த மூச்சு வந்துச்சு, அடுத்தது வருமான்னு நெஞ்சு மேல கையை வச்சுக்கிட்டே மூணு வருஷம் உக்காந்திருந்தேன். உனக்கு ஞாபகம் இல்லடி. எனக்கு ஒவ்வொரு மூச்சும் ஞாபகம் இருக்கு. அது உன் வயசு இல்ல, என்னுது. எந்த வாரியத்துக்கும் தர மாட்டேன்."

பெரியவள் அடுத்த விரலை மடக்கினாள். "சரி, அப்ப நாலாவது வருஷம்?"

"நீ மொதமொத நடந்தது அந்த வருஷம்" என்றார் அப்பா.

"அஞ்சாவது?"

"அது நான் பொறந்த வருஷம்!" என்று உள்ளேயிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள் சின்னவள். "அதைக் குடுத்துட்டா நான் எங்க போறது?"

விளக்கேற்றும் நேரம்வரை நாலு பேரும் தரையில் உட்கார்ந்து, வருஷம் வருஷமாக எடுத்துப் பார்த்தார்கள். கொடுக்கக்கூடியதாக ஒன்றும் அகப்படவில்லை.